சங்கீத மாணவரும் கலாசாலைத் தெரிவும்

பரீட்சை முடிவுகள் வெளியாகுந்தோறும் நம் மாணவருட் சிலர் சங்கீதத்தையே தம் ஜீவனத் தொழிலாகக் கொள்ள விழைகின்றனர். முன்னாளில் இதனைக் கேட்ட பெற்றோர், பாட்டினால் வயிறு நிறையுமோ என்று வினவி அவ்வளவில் நிறுத்தினர். இந்நாளிலோ எந்தக் கலாசாலையிற் சேர்ப்பது என்று வினவுவோர் பலராயினர். வினா மாறியது நன்றே. ஆயினும், அதற்கு விடை தேடுமுன் வேறொரு வினாவிற்கு விடை காணல் வேண்டும் என்பது நமது துணிபு. சங்கீதத்தில் எத்தொழிலைச் செய்யக் கருதுகின்றோம் என்பதே அது.

சங்கீதம் என்னும் ஒரு பெயரின்கீழ் இன்று மூன்று தொழில்கள் அடங்கியுள்ளன. பாடுதலும் வாத்தியம் வாசித்தலும் ஒன்று. ஒலியைப் பதிந்து, கலந்து, செம்மைசெய்து கேட்போர்க்கு ஏற்றவாறு ஆக்கித் தருதல் மற்றொன்று. கச்சேரி ஏற்பாடு, பாட்டின் உரிமை, வரவு செலவு ஆகிய வாணிகம் மூன்றாவது. இவை ஒரு மரத்தின் கிளைகளேயாயினும் இவற்றிற்கு வேண்டிய பயிற்சி வெவ்வேறாம். மூன்றையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிப்பதாக விளம்பரஞ் செய்யும் கலாசாலைகள் உள. அவற்றுள் நல்லனவும் உள. ஆனால், ஒன்றை நன்கு கற்பிக்கும் இடம் மற்றை இரண்டையும் அவ்வாறே கற்பிக்கும் என்று கொள்ளுதற்கு நியாயமில்லை.

பாடகராகவோ வாத்தியக்காரராகவோ விரும்புவோர் முதலில் ஆசிரியரைத் தேடி, பின்னரே அவர் இருக்கும் கலாசாலையை நாடுதல் வேண்டும். எம். டி. ராமநாதன் பாலக்காட்டில் பௌதிக சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றபின் சென்னைக்கு வந்தது டைகர் வரதாச்சாரியாரிடம் சங்கீதம் கற்பதற்கே. அப்பெரியார் கலாக்ஷேத்திரத்திற் கற்பித்தமையால் இவரும் அங்கே மாணவராயினார். பிற்காலத்தில் அங்கேயே ஆசிரியராகவும் முதல்வராகவும் விளங்கினார். கலாக்ஷேத்திரம் தோன்றியது 1936-இல். அதனினும் மூத்த சங்கீதக் கல்வி சென்னைச் சர்வகலாசாலையில் 1932 முதலே நடைபெற்று வந்தது. இவர் மூப்பை நோக்கினாரல்லர், குருவையே நோக்கினார்.

ஆகவே, கலாசாலையின் மாளிகையையும் மலர்ச்சோலையையும் காணச் செல்வோர் அங்குள்ளாரிடம் சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும். ஆசிரியர் மாணவனைத் தனியே இருத்திக் கற்பிப்பது வாரத்தில் எத்தனை மணி? ஒரு வகுப்பில் இருப்பவர் எத்தனை பேர்? மாணவர் பிறர் கேட்கப் பாடும் சந்தர்ப்பம் ஆண்டில் எத்தனை முறை வாய்க்கின்றது? சேர்க்குமுன் மாணவனைப் பாடச் சொல்லிக் கேட்கின்றனரா? இவற்றுள் இறுதிக் கேள்வியே தலையாயது. பாட்டைக் கேளாமற் கட்டணத்தை மட்டும் பெற்றுக்கொள்ளும் இடம் மாணவனுடைய குரலில் அக்கறை கொண்டதாகாது. நம்மைப் பரீட்சியாத கலாசாலையை நாம் இருமடங்கு பரீட்சித்தல் தகும்.

இங்ஙனம் பரீட்சித்துச் சேர்த்தால் ஏழை மாணவர்க்கு இடமின்றிப் போகுமே என்று சிலர் கூறலாம். பொருளுள்ளவர் முன்னரே பயிற்சி பெற்று வருவர் என்பது மெய்யே. ஆயினும், திறமையை அளந்து சேர்ப்பதும் ஏழைக்கு இரங்குவதும் ஒன்றற்கொன்று பகையல்ல. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் கர்ட்டிஸ் சங்கீத ஸ்தாபனம் 1924-இல் தோன்றியது. மாணவரைக் கடுமையாகத் தேர்ந்து சேர்க்கும் அதுவே 1928 முதல் எவரிடமும் போதனைக் கட்டணம் பெறுவதில்லை. நம் நாட்டிலும் சென்னை, திருவையாறு, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களில் அரசினர் சங்கீதக் கல்லூரிகள் உள. ஜில்லாக்கள் பலவற்றில் அரசினர் இசைப்பள்ளிகளும் உள. இவற்றைப் பெருமை குறைந்தனவென்று ஒதுக்கி, நிலத்தை ஈடு வைத்துத் தூரதேசக் கல்லூரியை நாடுதல் விவேகமன்று.

இரண்டாவதாகிய ஒலிப்பதிவுத் தொழிலை விரும்புவோர் பளபளக்கும் இயந்திரங்களைக் கண்டு மயங்குதல் கூடாது. இன்றைய இயந்திரம் பத்தாண்டிற் பழையதாகிவிடும். பழகிய செவியும் பௌதிக அறிவும் பழையனவாகா. ஜெர்மனியில் டெட்மோல்ட் நகரத்தில் 1949-இல் இத்துறைக்கெனப் போதனை தொடங்கியபோது, சங்கீதமும் ஒலியின் சாஸ்திரமும் ஒருங்கே அறிந்தவனே வேண்டும் என்பதை அதன் அடிப்படையாகக் கொண்டனர். இசைத்தட்டிற்காக ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளப்பது ஏன் என்று வினவினால், மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறக்குறைய 20,000 அதிர்வு என்றும், அதனை இழவாது பதிதற்கு அதன் இருமடங்கிற்கு மேல் அளத்தல் வேண்டும் என்றும் மாணவன் விடை கூறல் வேண்டும். பொத்தானை அழுத்தக் கற்பிப்பதோடு நிற்கும் இடத்தில் இவ்விடை கிடைப்பது அரிது. சென்னையில் தரமணித் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு ஒரு தனிப் பாடமாக உள்ளது. இத்தகைய இடங்களை நாடுவோர், மாணவர் தம் கையாலேயே பதிவு செய்யும் நேரம் எவ்வளவு என்று முதலிற் கேட்பாராக.

மூன்றாவதாகிய வாணிகத்தைக் குறித்து நமது அபிப்பிராயம் சிலர்க்கு உவப்பாயிராது. அதற்கெனச் சங்கீதக் கலாசாலையில் மிகுந்த பொருளைச் செலவிடல் பெரும்பாலார்க்கு வேண்டுவதன்று. கணக்கியலோ சட்டமோ முறையாகக் கற்று, கூடவே ஒரு சபையிலோ பதிவு நிலையத்திலோ பணிபுரிந்து பழகுதலே சிறந்தது. சங்கீத வாணிகம் நொடித்த காலத்தும் அக்கல்வி சோறிடும். தொழிலின் நுட்பங்களை அதில் உள்ளவரிடமே கற்றல் வேண்டாவோ எனின், வேண்டும். அவை பணியிடத்திலேயே தெளிவாக விளங்கும்.

எனினும், இவ்வாணிகத்தில் ஒரு பகுதியை மூவகை மாணவரும் அறிந்திருத்தல் அவசியம். நம் தேசத்துப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பெற்றது. அது 2012-இல் திருத்தப்பெற்றபோது, படத்திற்காகப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும், கொட்டகையிற் படம் காட்டப்படுவதொழிந்த பிற உபயோகங்களிற் கிடைக்கும் உரிமைப்பணத்தின் சமபங்கினைப் பிறர்க்குக் கைவிட்டுக் கொடுக்கவியலாதவாறு காக்கப்பெற்றனர். இதனை அறியாத கலைஞன் தனக்குரியதைக் கேளாமலே இருந்துவிடுவன். தன் மாணவர்க்கு இதனைச் சொல்லாத சங்கீதக் கலாசாலை, அது எத்துணைப் பேர் பெற்றதாயினும், தன் கடமையிற் பாதியையே செய்ததாகும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. கலாசாலையைப் பார்க்க ஆண்டு விழா நாளிற் செல்லாதீர்கள். சாதாரண நாளொன்றில், முன்னறிவிப்பின்றிச் செல்லுங்கள். அறைகளிலிருந்து சாதக ஒலி கேட்கின்றதா என்று கவனியுங்கள். மூன்றாண்டுகளுக்கு முன் அங்கே படித்து வெளிவந்தவர் இன்று என்ன செய்கின்றனர் என்று விசாரியுங்கள். முதல்வர் தரும் பத்திரத்தைவிட அவர்களுடைய சொல்லே நம்பத்தக்கது.

மாணவர்காள், நும் இளமையின் மூன்று நான்கு ஆண்டுகளும் நும் குடும்பத்தார் வருந்தி ஈட்டிய பொருளும் இத்தெரிவில் அடங்கியுள்ளன. கலாசாலையின் பெயர் நும்மைப் பாடகராக்காது. நல்லாசிரியரும் நாள் தவறாத சாதகமுமே அதனைச் செய்யும். இவ்விரண்டிற்கும் இடமளிக்கும் கலாசாலை எத்துணைச் சிறியதாயினும் அதனையே தெரிந்துகொள்வீர்களாக.