வீட்டுச் சேமிப்புப் பெட்டி: வெளியிலிருந்து திறக்கும் வசதியும் அதன் ஆபத்தும்

கோலாலம்பூர் - கூகள் போட்டோஸ் சேவை, 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தி, புதிய படங்களையும் 15 ஜிபி கணக்கில் சேர்த்தது. அதற்குமேல் வேண்டுமென்றால் கட்டணம். மாதாமாதம் பணம் கட்ட விரும்பாதவர்களுக்கு இருக்கும் ஒரு மாற்று வழி, 'நாஸ்' எனப்படும் வீட்டுச் சேமிப்புப் பெட்டி. ஹார்ட் டிஸ்க் பொருத்தி ரவுட்டருடன் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கைப்பேசிகளும் கணினிகளும் அதில் கோப்புகளைச் சேமிக்கலாம்.

பெற்றோர் கிள்ளானிலும் பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வாழும் குடும்பங்களுக்கு இது கைகொடுக்கும். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் இருந்தபடியே வீட்டிலுள்ள பிறப்புப் பத்திரத்தின் நகலை எடுத்துவிடலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட நிலையில், லயத்து வீட்டின் முன் எடுத்த படமும் தாத்தாவின் பழைய பத்திரங்களும்தான் பல குடும்பங்களுக்கு மிஞ்சியிருக்கும் சான்று. குடியுரிமை விண்ணப்பத்திற்காகப் பழைய ஆவணங்களைத் தேடி அலைந்தவர்களுக்கு ஒரு தாளின் அருமை தெரியும்.

ஆபத்து எங்கே?

வெளியிலிருந்து கோப்பைத் திறக்க, ரவுட்டரில் ஒரு 'போர்ட்டை' திறந்துவிடுவது பழைய, சுலபமான வழி. சில பெட்டிகள் 'யூபிஎன்பி' என்ற வசதியின் மூலம் அதைத் தாமாகவே திறந்துகொள்ளும். அப்படித் திறந்த கதவு உரிமையாளருக்கு மட்டுமன்றி உலகத்துக்கே தெரியும். இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. வீடு சிறியதா, பணக்காரருடையதா என்று அவை பார்ப்பதில்லை.

இதற்கு நடந்த சம்பவங்களே சாட்சி. 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டிகளை வைத்திருந்த பலர், கோப்புகள் முழுவதும் அழிக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். அந்தப் பெட்டிக்குக் கடைசியாக மென்பொருள் புதுப்பிப்பு வந்தது 2015-இல். இணையத்திலிருந்து உடனே துண்டிக்கும்படி நிறுவனம் அறிவித்தபோது பலருக்குக் காலம் கடந்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் 'கியூலாக்கர்', கியூநேப் பெட்டிகளின் கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' அதே நிறுவனப் பெட்டிகளைத் தாக்கி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. அன்றைய மதிப்பில் அது ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் மேல். ரவுட்டரில் திறந்துவைத்த போர்ட்டையும் யூபிஎன்பியையும் மூடுங்கள் என்று கியூநேப் அப்போது அறிவுறுத்தியது.

பாதுகாப்பான வழி

வெளியிலிருந்து பார்க்கும் வசதியைக் கைவிட வேண்டியதில்லை. வழியை மாற்றினால் போதும். வயர்கார்ட், டெயில்ஸ்கேல் போன்ற 'விபிஎன்' செயலிகளைப் பயன்படுத்தினால், கைப்பேசி முதலில் அடையாளத்தை நிரூபித்து வீட்டு இணைப்புக்குள் நுழையும். அதன் பிறகே பெட்டியைத் தொடும். தனிப் பொது முகவரி கிடைக்காத இணையச் சேவையிலும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும். போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. சினாலஜியின் குயிக்கனெக்ட் போல, நிறுவனமே தரும் இணைப்புச் சேவையைப் பயன்படுத்துவோர் இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயம் இயக்க வேண்டும். 'அட்மின்' என்ற பெயரிலான கணக்கை முடக்குவதும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் அவசியம். புதுப்பிப்பு நின்றுபோன பழைய பெட்டியை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

திருடன் வராவிட்டாலும் வெள்ளம் வரும். 2021 டிசம்பர் 18-இல் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கியதைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. ஒரு டிஸ்க் பழுதானால்தான் மற்றது உதவும். வெள்ளத்திலும் தாக்குதலிலும் இரண்டும் ஒன்றாகவே போகும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பதே பொது விதி. உறவினர் வீட்டில் ஒரு வெளி டிஸ்க் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்தாலே பெரும்பகுதிக் கவலை தீரும்.

யார் பொறுப்பு?

2024 ஆகஸ்டு 26-இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், மின்சாரம், வங்கி, சுகாதாரம் போன்ற முக்கியத் துறைகளின் கணினிக் கட்டமைப்பைக் குறிவைத்தது. வீட்டுப் பெட்டிக்கு அதில் கடமை எதுவும் விதிக்கப்படவில்லை. தாக்குதல் நடந்தால் சைபர்செக்கியூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் புகார் செய்யலாம். ஆனால் பிரதி இல்லாமல் அழிந்த கோப்பை மீட்டுத் தருவதாக யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே முன்னெச்சரிக்கை உரிமையாளரின் கையில்தான் இருக்கிறது. பெட்டியைப் பொருத்த வருபவருக்குக் கூலி கொடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: ரவுட்டரில் எந்தப் போர்ட்டையாவது திறந்தீர்களா? இந்தப் பெட்டி நாளை எரிந்துபோனால் படங்கள் வேறு எங்கே இருக்கும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், வேலை இன்னும் முடியவில்லை என்றே பொருள்.