கொல்லன் உலை எங்கே?

தமிழ்த்துறை மாணவர்களோடு யாம் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறி, செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டு, நண்பகலில் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். ஒரு மாணவர் தம் உணவுப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். நம் விமானப்படைக்கு அயல்நாட்டுப் போர் விமானங்களை வாங்குவது பற்றிய செய்தி அதில் இருந்தது. அவர் தலை நிமிர்ந்து கேட்டார்: "ஐயா, ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூற்றுப் பாடம் நடத்தினீர்கள். அந்த வில்லை இம்மலையில் செய்தார்களா, வேற்று நாட்டிலிருந்து வாங்கினார்களா?"

உடனிருந்தோர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை. வில்லாளனைப் பாடிய புலவர் வன்பரணர் வில் செய்தவனைப் பாடவில்லை. நாமும் அவனைப் பற்றி இதுகாறும் எண்ணிப் பார்த்ததில்லை. அம்மாணவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

கொல்லிமலைக்கு வடக்கே தகடூரை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுடைய தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரின் செய்தியை நம் மாணவர் அனைவரும் அறிவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்தோடு காட்டினான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசி அவை பளபளத்தன. எம் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். இகழ்வது போலப் புகழ்ந்த அந்நயத்தை வகுப்பறைகளில் வியந்து உரைக்கிறோம். ஆனால் அச்செய்தியுள் மற்றோர் உண்மையும் பொதிந்துள்ளது. முறிந்த வேலைச் செப்பனிட அதியமான் நாட்டில் கொல்லன் இருந்தான். அவனுக்கு உலை இருந்தது. வேல் முறிந்தால் வேற்று நாட்டு வணிகனுக்கு ஓலை விடுத்துக் காத்திருக்கும் நிலை அவனுக்கு இல்லை.

எனவே, போர் விமானம் வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் 'எந்த விமானம்? என்ன விலை?' என்னும் வினாக்களோடு 'கொல்லன் உலை எங்கே?' என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

விடுதலை பெற்ற இந்தியா இவ்வினாவை எண்ணாமல் இருந்துவிடவில்லை. செருமானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூருக்கு வந்தார். அவர் தலைமையில் உருவான 'மாருத்' போர் விமானம் 1961-ஆம் ஆண்டு சூன் திங்களில் முதன்முதலாகப் பறந்தது. அத்தகைய விமானத்தை அந்நாளில் ஆசியாவில் உருவாக்குவது எளிய செயலன்று. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971-ஆம் ஆண்டுப் போரிலும் அவை பங்கேற்றன. ஆயினும் மாருத்தின் உடலுக்கு ஏற்ற ஆற்றல் அதன் இயந்திரத்துக்கு இல்லை. எகிப்து நாடு உருவாக்கி வந்த இயந்திரத்தைப் பொருத்திப் பார்க்கும் முயற்சியும் 1960-களின் இறுதியில் கைவிடப்பட்டது. 1990-ஆம் ஆண்டளவில் மாருத் ஓய்வு பெற்றது. அதன் வழிவந்த அடுத்த விமானம் ஒன்று நம்மிடம் உருவாகவில்லை. உலை மூட்டினோம், நெருப்பை அணையாமல் காக்கத் தவறினோம்.

மறுபுறம், 1963-இல் நம் படையில் சேர்ந்த சோவியத் நாட்டு மிக்-21 விமானம் 2025 செப்டம்பர் 26 அன்றுதான் சண்டிகரில் விடைபெற்றது. அறுபத்திரண்டு ஆண்டுகள்! அவ்விமானங்களில் பெரும்பகுதியை நாசிக்கில் நாமே உரிமம் பெற்றுக் கட்டினோம். எனினும் பிறர் வரைந்த படத்தைப் பார்த்துக் கட்டுவது வேறு. படத்தையே வரைவது வேறு. ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பவர் அனைவரும் புலவராகிவிடுவதில்லை என்பது தமிழ் மாணவர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

பிறரை மட்டுமே நம்பியிருப்பதன் இடர் யாது? அண்டை நாட்டின் பட்டறிவே சான்று. 1990-இல் அமெரிக்கா தடை விதித்தபோது, பாகிஸ்தான் பணம் செலுத்தியிருந்த 28 எஃப்-16 விமானங்கள் அந்நாட்டிற்கு அனுப்பப்படவில்லை. அவை அமெரிக்கப் பாலைநிலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. நமக்கும் இத்தகைய பாடம் வாய்த்தது. 1998-இல் பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின்னர், நம் இலகு போர் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டுப் பணிக்காக அமெரிக்காவில் தங்கியிருந்த நம் அறிவியலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் சோர்ந்துவிடவில்லை. எஞ்சிய பணி தாய்நாட்டிலேயே முடிக்கப்பெற்று, 2001 சனவரி 4 அன்று அவ்விமானம் பெங்களூர் வானில் எழுந்தது. அதுவே பின்னர்த் 'தேஜஸ்' எனப் பெயர் பெற்றது. 2018 முதல் அதன் முதல் அணி, நம் கோவை மாவட்டத்துச் சூலூரில் நிலைகொண்டது.

இவ்வாறு எழுதுவதால், அயல்நாட்டு விமானம் எதுவுமே வேண்டா என்று யாம் வாதிடுவதாக எவரும் கருதற்க. நம் விமானப்படைக்கு ஒப்பளிக்கப்பட்ட போர் விமான அணிகள் 42. மிக்-21 விடைபெற்றபின் எஞ்சியவை 29 மட்டுமே. 'நாமே செய்து முடிக்கும் வரை பொறுத்திரு' என்று எல்லையில் நிற்பவனிடம் கூறுவது எளிது. முதிர்ந்துபோன விமானத்தில் ஏறிப் பறப்பவன் நம் மகனாக இருப்பின் அவ்வாறு கூறுவோமா? 1978 முதல் 1981 வரை விமானப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கிய இத்ரீஸ் ஹசன் லத்தீஃப் அவர்களை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஐதராபாத்தில் பிறந்த அப்பெருமகனார், 1947-இல் நாடு பிரிந்தபோது இந்தியாவே தம் நாடெனத் தேர்ந்து இங்கேயே பணியைத் தொடர்ந்தவர். அவருடைய காலத்திலேதான், 1979-இல், ஜாகுவார் விமானங்கள் நம் படையில் சேர்ந்தன. தேவை நெருங்கும்போது வாங்குவது இழுக்கன்று. வாங்குவதோடு அமைந்துவிடுவதே இழுக்கு.

வாங்கும் முறையிலும் நாம் கற்க வேண்டியவை உள. 2007 ஆகஸ்டில் 126 விமானங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. ஆறு நிறுவனங்களின் விமானங்கள் போட்டியிட்டன. லடாக்கின் குளிரிலும் இராசத்தான் பாலையின் வெப்பத்திலும் சோதனைகள் நிகழ்ந்தன. 2012 சனவரியில் பிரெஞ்சு நாட்டு ரஃபேல் தெரிவாயிற்று. அவற்றுள் 108 விமானங்களை இந்தியாவிலேயே கட்டுவது என்பது திட்டம். ஆனால் விலை, பொறுப்பு ஆகியவை பற்றிய பேச்சு முடிவுறவில்லை. 2015 ஏப்ரலில் 36 விமானங்களை மட்டும் முழுமையாகக் கட்டிய நிலையில் வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 23 அன்று ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதல் ஐந்து விமானங்கள் 2020 சூலை 29 அன்று அம்பாலாவில் இறங்கின. கோரிக்கைக்கும் வருகைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! விலை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2018 டிசம்பரில் தள்ளுபடியானது. நாம் யார் பக்கமும் நின்று வழக்காட வரவில்லை. ஆனால் 126 என்பது 36 ஆகச் சுருங்கியபோது, 108 விமானங்களைத் தம் கையால் கட்டிப் பழகியிருக்க வேண்டிய நம் தொழிலாளரின் வாய்ப்பும் கைநழுவிற்று. அதைப் பற்றி எழுந்த குரல் மெலிதாகவே இருந்தது. பின்னர் 2018-இல் மீண்டும் 110 விமானங்களுக்கு விவரம் கோரப்பட்டு, அவ்வெண்ணிக்கை 114 ஆயிற்று. அதே வினா மீண்டும் நம் முன் வந்து நின்றது.

தேஜஸிலும் குறை இல்லாமல் இல்லை. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கும், 2025 செப்டம்பரில் மேலும் 97 விமானங்களுக்கும் அரசு ஒப்பந்தம் செய்தது. ஆனால் குறித்த காலத்தில் அவை வந்து சேரவில்லை. அமெரிக்க நிறுவனத்திடமிருந்து இயந்திரங்கள் காலந்தாழ்ந்து வந்தது அதற்கு ஒரு காரணம். ஆம், நம் விமானத்தின் இதயம் இன்னும் நம்முடையதன்று. அவ்விதயத்தை உருவாக்கும் முயற்சிக்கு நம் முன்னோடிகள் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'காவேரி'! 1989-இல் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தின் இயந்திரம், எதிர்பார்த்த உந்துவிசையை எட்டாததால் 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கடும் வெப்பத்திலும் உருகாத, உருக்குலையாத உலோக அலகுகளை வார்ப்பதே இத்தொழிலின் உயிர்நாடி. அவ்வித்தையை விற்பார் அரியர். மாருத்துக்கு நேர்ந்த குறையும் இயந்திரமே, தேஜஸின் குறையும் இயந்திரமே என்பதை எண்ணும்போது, உலை எங்கே என்னும் வினா மேலும் கூர்மை பெறுகிறது.

2025 நவம்பர் 21 அன்று துபாய் வான்காட்சியில் தேஜஸ் ஒன்று வீழ்ந்து அதன் விமானி உயிர்நீத்த துயரையும் நாம் மறைத்தல் கூடாது. நம்முடையது என்பதற்காகக் குறை காணாதிருப்பதும், அயலாருடையது என்பதற்காகவே நிறை காண்பதும் ஒருசேரப் பேதைமையாம்.

'இத்தனை கோடியைப் பள்ளிக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் தரலாகாதா?' என்று சான்றோர் சிலர் வினவுவர். அவ்வினா நேர்மையானது. கரடுமுரடான மலைப்பாதையில் நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை நினைப்பவர்க்கு அவ்வினா எழாமல் இராது. காவலின்றிக் கல்வி இல்லை என்று ஒரே சொல்லில் அதனைத் தள்ளிவிட யாம் விரும்பவில்லை. ஆனால் செலவிடும் பணம் இங்கேயே ஒரு பட்டறையாக, ஓர் ஆய்வகமாக, ஓர் இளைஞனின் கைத்திறனாக எஞ்சி நிற்குமாயின், அதில் ஒரு பகுதி கல்விக்குச் செலவிட்டதாகவே ஆகும். முழுவதும் கடல் கடந்து செல்லுமாயின், எஞ்சுவது விமானம் மட்டுமே. அதற்கும் ஒருநாள் வயதாகும்.

ஆகவே வாங்கும் ஒவ்வொரு முறையும் மூன்றை வற்புறுத்துதல் வேண்டும். பழுது நீக்கவும் நம் ஏவுகணைகளைப் பொருத்தவும் பிறர் அனுமதியை எதிர்நோக்காத உரிமை வேண்டும். இயந்திரத்தின் நுட்பம் கைவரப் பெறுதல் வேண்டும். கமுக்கம் காக்க வேண்டியவற்றைக் காத்து, ஏனையவற்றை நாடாளுமன்றத்தின் முன் திறந்து வைத்தல் வேண்டும்.

கொண்ட பொருளிலிருந்து கற்பது எவ்வாறு என்பதற்கு வரலாறு ஒரு கசப்பான சான்று தருகிறது. திப்பு சுல்தானின் இரும்புக் குழல் ஏவுகணைகள் மைசூர் நாட்டுப் பட்டறைகளில் பிறந்தவை. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், வெள்ளையர் அவற்றை இங்கிலாந்தின் ஊல்விச் நகருக்கு எடுத்துச் சென்று ஆராய்ந்தனர். அவற்றினின்றே காங்கிரீவ் தம் ஏவுகணையை உருவாக்கினார். கைப்பற்றியதைக் காட்சிக்கு மட்டும் வைத்திருந்தால் அவர்கள் தொண்டைமானாக நின்றிருப்பர். பிரித்துப் பார்த்துக் கற்றதால் அதனை வென்றெடுத்தனர்.

மாணவச் செல்வங்களே! 2019 சனவரியில் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து நகரங்களை இணைக்கிறது. சேலத்திற்கும் திருச்சிக்கும் இடையேதான் இக்கொல்லிமலை நிற்கிறது. உலை நம் வாயிலுக்கே வந்துவிட்டது; ஊதுவதற்கு ஆள் வேண்டாவா? நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் படிப்பு முடியுமுன்னரே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கின்றனர். அயல்நாட்டு ஊதியத்தை யாம் இகழவில்லை. பல குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. ஆயினும் பத்தில் இருவரேனும் உலோகவியலும் விமானப் பொறியியலும் பயில வேண்டும்; கடைசல் பட்டறையில் நுண்ணிய பாகங்களைச் செதுக்கும் தொழிலைக் கற்க வேண்டும். சமுதாயப் பெரியோர்களே! கல்விக்கென நீங்கள் ஈயும் பொருளில் ஒரு பங்கை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்க்கென ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தமிழாசிரியராகிய எமக்கும் கடமை உண்டு: நுட்பக் கல்வியை எளிய தமிழில் விளக்கும் நூல்களை எழுதுவதும் எழுதுவிப்பதும் எம் பணி.

இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் விமானி ஆக விழைந்து தேர்வுக்குச் சென்றார். இடங்கள் எட்டு, அவர் பெற்ற நிலை ஒன்பது. வானில் ஏற வாய்ப்பு இழந்தவர் பட்டறைக்குள் நுழைந்தார். நாட்டின் உலையை ஊதினார். 2006 சூன் 8 அன்று, எழுபத்து நான்காம் அகவையில், குடியரசுத் தலைவராகப் புனேயில் சுகோய்-30 விமானத்தில் ஏறிப் பறந்தார். விமானியாக முடியாதவருக்கு வானம் வழிவிட்டது.

வாசலூர்பட்டியிலிருந்து இறங்கும்போது அம்மாணவரிடம் யாம் கூறியது இது: "ஓரியின் வில்லைச் செய்தவன் யாரென எவரும் பாடி வைக்கவில்லை. ஆனால் அத்தனை பெரிய வில்லாளனும் காரியிடம் தோற்று வீழ்ந்தான். இம்மலை சேரன் கைக்குச் சென்றது. வில் மட்டும் நாட்டைக் காப்பதில்லை, தம்பி. ஔவையார் வேலைப் பற்றிப் பேசியதும் போரை மூட்டுவதற்கன்று, தவிர்ப்பதற்கே." அவர் சற்று நேரம் எண்ணியிருந்து, "அப்படியானால் உலையும் வேண்டும், ஔவையும் வேண்டும் ஐயா" என்றார். அதற்குமேல் சொல்ல எமக்கு ஒன்றும் இருக்கவில்லை.