வழிகாட்டி கைகட்டி நிற்கட்டும்!

ரோபோப் போட்டி என்றால் ஏதோ ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடக்கும் விந்தை என்று இனிச் சொல்வதற்கில்லை. 2016-ல் உலக ரோபோ ஒலிம்பியாடின் இறுதிப் போட்டியே டில்லியில் நடந்தது. அதே ஆண்டு மத்திய சர்க்கார் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்கள் இன்று சுமார் 10,000 பள்ளிகளில் உள்ளன; பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை மானியம். ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 கூடங்கள் அமைப்பதாக 2025 பட்ஜெட் அறிவித்தது. சாமான் வந்துவிடும், சரி, பக்கத்தில் நிற்க ஆள்?

கணக்கு வாத்தியாரோ உள்ளூர் எஞ்சினீயரோதான் திடீரென்று வழிகாட்டியாக வேண்டியிருக்கும். பிள்ளைகள் தடுமாறுவதைப் பொறுக்காமல் திருப்புளியைத் தாமே பிடுங்கிக்கொள்வது ஒரு தவறு. கெட்டுவிடுமே என்று சாமானைப் பூட்டி வைப்பது மற்றொன்று. இரண்டிலும் பலன் ஒன்றே: பிள்ளையின் கை படாமற் போகிறது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமப் பகுதி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1950-ல் மறைந்த ரமண மகரிஷி ஊரூராய்ப் பிரசங்கம் செய்தவரல்லர். கேள்வியோடு வந்தவரிடம், கேட்பது யார் என்று பார்க்கச் சொன்னவர். ஆத்ம விசாரம் வேறு, யந்திர விசாரம் வேறுதான். ஆயினும் உபாத்தியாயருக்கு இதில் பாடம் உண்டு. “ஏன் சார் ஓடவில்லை?” என்று பையன் கேட்டால், “நீ என்ன பார்த்தாய்?” என்று கேளுங்கள். பாட்டரியா, கம்பியா, புரோகிராமா என்று அவனே தேடட்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

மற்ற யோசனைகள் எளியவை. முதலில் விதிப் புத்தகத்தை எல்லோரும் சேர்ந்து படியுங்கள். முதல் ஆண்டில், பத்து வேலையை அரைகுறையாய்ச் செய்யும் யந்திரத்தைவிட இரண்டைத் தவறாமல் செய்யும் யந்திரமே மேல். பெண் குழந்தைகளை அறிக்கை எழுத மட்டும் உட்கார வைக்காதீர்கள்; மோட்டார் அவர்கள் கையிலும் சுழலட்டும். போட்டி மண்டபத்தின் வெளிச்சம் வகுப்பறை வெளிச்சமல்ல. ஒளி உணரியை அங்கே மீண்டும் சரிபார்க்கப் பழக்குங்கள்.

ஒலிம்பியாடில் ஒரு குழுவுக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர். ரோபோமிஷன் பிரிவில் ஓட்டம் இரண்டே நிமிஷம். போட்டி நேரத்தில் பயிற்சியாளர் களத்துக்குள் வரக் கூடாது. அன்று வெளியே நிற்கப்போகிறவர் இன்றே ஓரடி தள்ளி நிற்கப் பழகுவது நல்லது. கோப்பை வராமற் போகலாம். ஆனால், பழுதைத் தானே கண்டு, தானே திருத்திய பிள்ளை வெறுங்கையோடு ஊர் திரும்புவதில்லை.