ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்துல சிகரெட் தாள்

ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த வேலை. போன ஞாயித்துக்கிழமை ஒரு வழியா அந்த ரேடியோவைத் திறந்துட்டேன்.

பாபநாசம் பக்கத்துல ஒரு வீட்டுப் பரண்ல கிடந்த வால்வு செட். மரப்பெட்டி, முன்னாடி ஸ்பீக்கர் துணி, தந்தக் கலர்ல பட்டன்கள். "எடுத்துட்டுப் போங்க தம்பி, எங்களுக்கு இடம் அடையுது"ன்னு வீட்டுக்காரர் சும்மாவே கொடுத்துட்டார். பழைய ஆடியோ சாமான் மேல பைத்தியம் பிடிச்ச ஆளுக்கு இதை விட வேற என்ன வேணும்? பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டார், அது வேற கதை.

பின்பக்க அட்டையைக் கழட்டினா முதல்ல வந்தது நெல் உமி. எலி கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் மேல ஒரு பல்லி, அப்பளம் மாதிரி காஞ்சு போய். இதெல்லாம் டெல்டா ரேடியோவுல சகஜம். அதுக்கு அடுத்தது மனுஷங்க செஞ்சது. ஃப்யூஸ் மேல சிகரெட் பாக்கெட்டோட ஜிகினாத் தாளைச் சுத்தி வச்சிருக்கு. EZ80 வால்வு இருக்க வேண்டிய சாக்கெட் காலி, அடியில ரெண்டு BY127 டயோடு. பழைய ஃபில்டர் கன்டென்சரைக் கழட்டாம, புதுசு ஒண்ணைப் பக்கத்துல தொங்க விட்டு வாழைநார்ல கட்டியிருக்காங்க. ஆமாங்க, பூ கட்டுற அதே வாழைநார்! சில ஜாயின்ட்டுகள் பச்சையா பூத்துப் போயிருந்துச்சு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுற நவச்சாரத்தைப் போட்டு சால்டர் பண்ணியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். பித்தளைக் குடத்துக்கு நவச்சாரம் நல்ல பொருள்தான். ரேடியோ ஒயருக்கு அது மெதுவா கொல்ற விஷம்.

போட்டோ போட்டா எல்லாரும் நல்லா சிரிப்பீங்க. பழைய செட்டைத் திறந்து, "எந்த மகானுபாவன் செஞ்ச வேலைடா இது"ன்னு கிண்டல் பண்றது எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நானும் பண்ணியிருக்கேன். இப்ப அந்தச் சிரிப்பு அவ்வளவா வர்றதில்லை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாசம் ஆரம்பிச்சது. ரேடியோவை நாம கச்சேரி, நாடகம், சினிமாப் பாட்டோட மட்டும்தான் சேர்த்து நினைக்கிறோம். தஞ்சாவூர் ஜில்லாவுல அது உழவு சாமான் மாதிரி. 1960களோட பிற்பகுதியில ஆடுதுறையில உருவான ஏ.டி.டி. 27ங்கிற குறுவை ரகம் இங்க பரவுச்சு. அதைப் பத்தி திருச்சி வானொலி விவசாய நிகழ்ச்சியில திரும்பத் திரும்பச் சொன்னதால, ஜனங்க அந்த நெல்லுக்கு வச்ச பேரே 'ரேடியோ நெல்'! ஊர்ல ஒருத்தர் வீட்டு ரேடியோவைச் சுத்தி சாயங்காலம் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்ட காலம் அது.

அப்படிப்பட்ட செட்டு ஊமையாயிட்டா என்ன ஆகும்? தலையில வச்சு டவுனுக்குக் கொண்டு வருவாங்க. "நாளைக்குள்ள பேசணும்"னு சொல்லிட்டுப் போவாங்க. ரிப்பேர் கடைக்காரர் கையில சர்க்யூட் படம் கிடையாது. ஒரு மீட்டர் இருந்தா பெரிய விஷயம். பெங்களூர் பி.இ.எல். கம்பெனி 1960களில் இங்கேயே வால்வு தயாரிக்க ஆரம்பிச்சும், வேண்டிய நேரத்துல வேண்டிய வால்வு கும்பகோணத்துல கிடைக்கணுமே? மெட்ராஸ் ரிச்சி தெருவுக்கு யாராவது போகும்போது சொல்லி விடணும். டிராயரைத் திறந்தா BY127 இருக்கு. ரெண்டைப் போட்டார், ரேடியோ பேசிடுச்சு. கேட்ட காசுல பாதிதான் கையில வந்திருக்கும். அந்த மனுஷனைப் பார்த்து நான் எப்படிச் சிரிக்கிறது?

ஆனா ஒண்ணு. அவர் நிலைமை புரியுதுங்கிறதுக்காக அவர் செஞ்சது சரியாயிடாது. என் செட்டுக்குள்ள இருந்த மூணு வேலையைச் சேர்த்துப் பார்த்தப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

முதல் வேலை, பின்னாடி இருக்கிற வோல்டேஜ் செலக்டர். யாரோ அதை 200ல வச்சிருக்காங்க. காரணம் இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பம்புசெட் எல்லாம் ஓடுற நேரத்துல வோல்டேஜ் 180க்கு விழும், ரேடியோ முனகும். 200ல வச்சா தெளிவா பேசும். நியாயமான யோசனைதான். ஆனா ராத்திரி பம்புசெட் நின்னதும் அதே லைன்ல 250 வரும். அப்ப உள்ளே எல்லாமே கால் பங்கு கூடுதல்.

ரெண்டாவது, அந்த டயோடு. EZ80 சூடாகி வேலைக்கு வர கொஞ்ச நேரம் எடுத்துக்கும். அதுக்குள்ள மத்த வால்வும் சூடாயிடும். டயோடு அப்படிக் காத்திருக்காது. சுவிட்ச் போட்ட நொடியே முழு வோல்டேஜையும் தள்ளிடும். மத்த வால்வெல்லாம் இன்னும் தூங்குது, இழுக்க ஆள் இல்லை. 250 வோல்ட் வைண்டிங்னா கன்டென்சர் மேல 353 வோல்ட் ஏறும். கன்டென்சர் மேல எழுதியிருக்கிறதோ 350. இது செலக்டர் சரியா இருந்தா வர்ற கணக்கு. 200ல வச்சு 250 வந்தா 440ஐத் தாண்டும்.

இப்படி ஏறி கன்டென்சர் ஷார்ட் ஆனா ஃப்யூஸ் போகணும். போகாது. அங்கதான் மூணாவது ஆள் ஜிகினாத் தாள் சுத்தி வச்சிருக்காரே!

தனித்தனியா பார்த்தா மூணுமே அன்னைக்கு வேலைக்கு ஆன யோசனை. ஃப்யூஸ் ஏன் அடிக்கடி போகுதுன்னு தாள் சுத்தினவருக்குத் தெரியாது. டயோடு போட்டவருக்கு செலக்டரைத் திருப்பினது தெரியாது. ஒருத்தர் செஞ்சதை அடுத்தவருக்குச் சொல்ல யாரும் இல்லை. மூணும் சேர்ந்து மரப்பெட்டிக்குள்ள, எலிக்கூட்டு உமிக்குப் பக்கத்துல, தீப்பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கு. அந்த வீடு இத்தனை நாள் எரியாம இருந்தது ஏதோ புண்ணியம்.

கடைக்காரங்களை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நேர்மை இல்லை. என் கதையையும் சொல்லிடறேன்.

எங்க பழைய வீட்டுல ஒரு ஏசி/டிசி செட் இருந்துச்சு. அந்த வகை செட்டுல மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சேஸிஸ் நேரா மெயின்ஸோட ஒரு ஒயர்ல சேர்ந்திருக்கும். ரெண்டு பின் பிளக்கை மாத்திச் சொருகினா தகரம் முழுக்க கரண்ட்டு. அதனாலதான் பட்டனெல்லாம் பேக்லைட்ல இருக்கும், அதை இறுக்குற ஸ்க்ரூவை ஆழமா வச்சு மேல மெழுகு ஊத்தியிருப்பாங்க. இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. பிளஸ் ஒன் படிக்கிற பையன், ரெண்டு ரேடியோ நோண்டின கர்வம். ஒரு பட்டன் உடைஞ்சுச்சு. ஆம்ப்ளிஃபையர் கடையில பளபளன்னு ஒரு அலுமினியப் பட்டன் வாங்கி மாட்டினேன். பார்க்க ஜோரா இருந்துச்சு. எல்லார்கிட்டயும் காட்டிப் பெருமை அடிச்சேன்.

பொங்கலுக்கு முன்னாடி அத்தை வீடு கழுவி விட்டுக்கிட்டு இருந்தாங்க. வெறுங்கால், ஈரத்தரை. சத்தத்தைக் குறைக்கலாம்னு பட்டனைத் தொட்டாங்க.

சுவத்துல போய் விழுந்தாங்க. பொழைச்சுக்கிட்டாங்க, ரெண்டு நாள் கை மரத்துப் போச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய செட்டு இல்லையா, அப்படித்தான் லீக் ஆகும்." பட்டனைப் பத்தி வாயே திறக்கலை. அத்தை அதுக்கப்புறம் அந்த ரேடியோ பக்கமே போகலை. இதைப் படிப்பாங்களான்னு தெரியாது. படிச்சா படிக்கட்டும்.

கடைக்காரர் வந்து பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இந்த செட்டுல சேஸிஸே கரண்டுதான்"னு மட்டும் சொல்லிட்டு அலுமினியத்தைக் கழட்டினார். வேற பட்டன் இல்லை. தையல் மெஷின் பக்கத்துல கிடந்த காலி நூல்கண்டோட மரக்கட்டையை எடுத்து, ஓட்டையைக் குடைஞ்சு அழுத்தி மாட்டிட்டுப் போயிட்டார். கண்றாவியா இருந்துச்சு. வந்தவங்க எல்லாம் கேலி பண்ணாங்க. ஆனா அந்த செட்டுக்கு நடந்த வேலையிலேயே உருப்படியான வேலை அதுதான். இன்னைக்கு அது யாராவது சேகரிப்பாளர் கையில கிடைச்சா, நூல்கட்டையைப் போட்டோ எடுத்துப் போட்டுச் சிரிச்சிருப்பார்.

அதனால நான் இப்பல்லாம் அழகா இருக்கா, ஒரிஜினலா இருக்கான்னு பார்க்கிறதில்லை. அடுத்து திறக்கிறவனுக்கு நடந்தது தெரியுதா, அதைத்தான் பார்க்கிறேன். வாழைநார் கட்டு பார்த்தவுடனே தெரியும், அவிழ்க்கவும் ஒரு நிமிஷம். ஃப்யூஸைப் பத்திரமா மூடியிருந்த ஜிகினாத் தாள் அப்படி இல்லை.

இதுக்கு நல்ல உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு. தஞ்சாவூர் வீணையில 24 மெட்டையும் மெழுகுலதான் பதிக்கிறாங்க. பலா மரத்துல ஆணி அடிச்சு இறுக்கிடலாமேன்னு யாருக்கும் தோணலை பாருங்க. வருஷம் போகப்போக மெழுகு அமுங்கும், ஸ்வரம் பிசகும். திரும்ப மெழுகை இளக்கி மேளம் கட்டணும். ஒரு நாள் இன்னொருத்தர் பிரிச்சுக் கட்டுவார்னு முதல்லயே ஒத்துக்கிட்டுச் செஞ்ச வாத்தியம். அந்த மெழுகு கட்டுற தெருவுக்குப் பக்கத்துலயே ரேடியோக்காரங்களும் கடை வச்சிருந்தாங்கங்கிறது எனக்கு ஒரு ஆறுதல் :-)

இப்ப நடக்கிற கூத்து இதை விட மோசம். ஆன்லைன்ல "முழு சர்வீஸ் செய்யப்பட்டது"ன்னு வால்வு ரேடியோ விக்கிறாங்க. பெட்டி பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி இருக்கும். பின்னாடி பார்த்தா ப்ளூடூத் போர்டை சூட்டுப் பசையில ஒட்டி, வால்வுக்கு இழை மட்டும் எரியிற மாதிரி கரண்ட் கொடுத்து, பாக்கியைப் பிடுங்கி எறிஞ்சிருக்காங்க. அந்தக் காலக் கடைக்காரருக்கு சாமான் கிடைக்கலை. இவங்களுக்குக் கூரியர்ல வீட்டுக்கே வருது. யூடியூப்ல ஒரு வீடியோ பார்த்துட்டு இறங்குறவங்களும் உண்டு. கத்துக்கிறவங்களை நான் குறை சொல்லலை, அலுமினியப் பட்டன் மாட்டினவனுக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனா விலை போட்டு விக்கிறவர் உள்ள என்ன இருக்குன்னு சொல்லணுமா இல்லையா?

நான் இப்ப ஒரு பழக்கம் வச்சிருக்கேன். சில பழைய கடைக்காரங்க சேஸிஸ் மேல பென்சில்ல தேதி எழுதி வைப்பாங்க, அதைப் பார்த்துக் கத்துக்கிட்டது. பாபநாசம் செட்டோட பின் அட்டைக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கேன். அதுல இருக்கிறது இவ்வளவுதான்:

செலக்டர் 245க்கு மாத்தியாச்சு. ஜிகினாத் தாள் எடுத்துட்டு சரியான ஃப்யூஸ் போட்டாச்சு. டயோடு ரெண்டும் எடுத்தாச்சு, EZ80 இன்னும் கிடைக்கலை. கன்டென்சர் ரெண்டும் மாத்தணும். பச்சை பூத்த ஜாயின்ட் 11 பாக்கி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சோதிக்கலை. இந்த செட்டுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கக் கூடாது.