கூட்டம் கலைந்த பிறகு



பிரபலம் ஒருவர் மறைந்த வாரத்தில் எங்களுக்கு வரும் கடிதங்கள் இரண்டு ரகம். "ஒரு நடிகருக்கு அட்டைப்படமா? நாட்டில் வேறு சேதியே இல்லையா?" என்று கோபித்துக்கொள்வது ஒரு ரகம். "எங்கள் ஊர் நாதஸ்வர வித்வான் போன மாதம்தான் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒரு பத்திகூட இல்லையே" என்று வருத்தப்படுவது இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குச் சமாதானம் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் என்ன எழுதுவதென்று தெரியாமல் விழிப்போம். இந்த முறை அதைப் பற்றியே உங்களோடு பேசிவிடலாம் என்று தோன்றியது.

நேரில் பார்த்தே இராத ஒருவருக்காக இத்தனை பேர் எதற்கு அழுகிறார்கள் என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே அப்துல் கலாம் சரிந்து விழுந்து மறைந்தார். மறுநாள் நம் தெருக்கள் இருந்த கோலம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் விரித்த வெள்ளைத் துண்டின் மேல் கலாம் படம், சாமந்தி மாலை, வாழைப்பழத்தில் செருகிய ஊதுவத்தி. எந்தக் கட்சியும் காசு கொடுத்து வைத்ததில்லை, ரசிகர் மன்றமும் கிடையாது. ஸ்டாண்டுக்காரர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஃபிளெக்ஸ் கடையில் காத்து நின்று அடித்து வாங்கி வந்தது. அவரால் அவர்களுக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. ராமேசுவரத்துப் பையன் ஒருவன் ராஷ்டிரபதி பவன் வரை போனதில் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். அந்தத் துக்கத்தில் பொய் இல்லை.

எல்லாத் துக்கமும் அவ்வளவு நேரானதும் இல்லை. விஜயகாந்த் உடல் நலிந்து நாக்குழறியதை வைத்து வருஷக்கணக்கில் மீம்ஸ் போட்டுச் சிரித்தது இந்த ஊர். 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்ததும் அதே கைபேசிகளில் 'கேப்டனுக்குக் கண்ணீர் அஞ்சலி' நிரம்பி வழிந்தது. வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, அவருடைய அலுவலகத்தில் வயிறாரச் சாப்பிட்டதை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே பத்மபூஷண் அறிவிப்பும் வந்தது. அந்தக் கண்ணீரில் பாதி நன்றிக்கடன், பாதி குற்ற உணர்வு என்றே எனக்குப் பட்டது. அதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சாப்பிட்ட சோற்றைப் பற்றி அவர் காதுபடச் சொல்லியிருந்தால் மனிதர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

கூட்டத்தை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் அண்ணாவை மிஞ்ச ஆளில்லை. 1969 பிப்ரவரியில் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் ஒன்றரைக் கோடி பேர் என்று கின்னஸ் புத்தகம் குறித்துக்கொண்டது. அந்த ஊர்வலத்துக்கு எப்படியாவது வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று ரயில் கூரை மேல் ஏறி உட்கார்ந்த பலர், கொள்ளிடம் பாலத்தில் அடிபட்டு மாண்டார்கள். மெரினாவில் அண்ணாவுக்கு நினைவிடம் இருக்கிறது. அவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிளம்பி, பாதி வழியில் செத்துப்போனவர்களின் பெயர்கள் அவரவர் வீட்டுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கு நேர் எதிரான கணக்கு பாரதியுடையது. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு அவரைத் தூக்கிப் போனபோது உடன் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சேதி. அதைச் சொல்லி நாம் பெருமூச்சு விடுவதோடு சரி. இருபது பேருக்கும் குறைவானவர்கள் வழியனுப்பிய ஒருவர் இன்று வீட்டுக்கு வீடு பேசப்படுகிறவராக ஆனது எப்படி என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அது தானாக நடந்துவிடவில்லை. கணவர் போன மறுவருஷமே செல்லம்மாள் 'பாரதி ஆசிரமம்' என்று ஒன்றைத் தொடங்கிப் பாட்டுகளை அச்சிட முனைந்தார். பிறகு ஹரிஹர சர்மாவும் விசுவநாத ஐயரும் பாரதி பிரசுராலயத்தின் வழியாக அந்தச் சுமையைத் தோள் மாற்றிக்கொண்டார்கள். 1928-இல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களைப் பறிமுதல் செய்தபோது சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து வாதாடினார். பாட்டுகளின் உரிமை யாருக்கு என்ற சண்டை எழுந்தபோது எத்தனையோ பேர் கையெழுத்து வாங்கி அலைந்தார்கள். 1949-இல் அரசே உரிமையை வாங்கி, பின்னாளில் எல்லோருக்கும் பொதுவாக்கியது.

எட்டயபுரத்து மணிமண்டபம் இன்னும் நெருக்கமான கதை. அங்கே ஒரு ஞாபகச் சின்னம் வேண்டும் என்று கல்கி தம் பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் மணியார்டர் அனுப்பினார்கள். ஒரு ரூபாய் அனுப்பியவரும் உண்டு, நூறு அனுப்பியவரும் உண்டு. அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் கட்டடம் எழும்பி, 1947 அக்டோபரில் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். மயானத்துக்கு வராத கூட்டம், 26 வருஷம் கழித்துத் தபாலில் வந்தது. அடக்கத்தன்று சேரும் கூட்டத்துக்கும் பின்னால் நிலைக்கும் பெயருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. செத்தவருக்காக உயிரோடு இருப்பவர்கள் மெனக்கெட வேண்டும். மெனக்கெட ஆளில்லாதவர்கள், எவ்வளவு பெரியவர்களானாலும் மங்கிப் போகிறார்கள்.

மெல்லிசை ரசிகர்களுக்கு 2013 ஒரு பொல்லாத வருஷம். ஏப்ரல் 14-இல் பி.பி.ஸ்ரீநிவாஸ் போனார். மூன்றே நாளில் டி.கே.ராமமூர்த்தி. மே மாதம் டி.எம்.எஸ்., ஜூலையில் வாலி. இந்த நால்வரில் ராமமூர்த்தியின் பெயருக்கு மட்டும் இளையவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். திருச்சிக்காரர், வயலின் மேதை. 'பணம்' தொடங்கி 'ஆயிரத்தில் ஒருவன்' வரை எம்.எஸ்.விஸ்வநாதனோடு சேர்ந்து இசையமைத்தவர். 1965-இல் இருவரும் பிரிந்தார்கள். விஸ்வநாதன் அதன் பிறகும் நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார், மேடையேறினார், தொலைக்காட்சியில் சிரித்த முகத்தோடு பழைய கதைகள் சொன்னார். ராமமூர்த்திக்கு அந்த வாய்ப்புகள் குறைவு. இன்று டி.வி. பாட்டுப்போட்டிகளில் இருவரும் சேர்ந்து போட்ட பாட்டுக்கும் "எம்.எஸ்.வி. சார் மியூசிக்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. இரட்டைப் பெயரை முழுசாகச் சொல்லும் சின்னச் சிரமத்தைக்கூட நாம் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்ட பரம்பரை நம்முடையது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏறக்குறைய 1,400 வயது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் மன்னனும் இல்லை, புலவனும் இல்லை. கல்லில் அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. திருடர்களைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு மாட்டுச் சண்டையில் செத்தவனுக்கும் அவனுடைய நாய்க்கும் கல் தேடி, சிற்பியை அமர்த்தி, எழுத்து வெட்டிய அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நட்சத்திரம், சாமானியன் என்ற தராசு அவர்களிடம் இல்லை.

துக்கத்தை வேலையாக மாற்றிக்கொள்வது நம் காலத்திலும் நடக்கத்தான் செய்கிறது. 2006 ஏப்ரலில் கன்னட நடிகர் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரு பற்றி எரிந்தது, உயிர்களும் பலியாயின. அவருடைய மகன் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். தந்தையைப் போலவே அவருடைய கண்களும் தானமாகத் தரப்பட்டன. நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது. அதைத் தொடர்ந்து ரசிகர்கள் கண்தானத்துக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அதே ஊர், அதே குடும்பத்து ரசிகர்கள், இடையில் 15 வருஷம். அதே 2021-இன் ஏப்ரலில் நம் நடிகர் விவேக் போனபோதும் ஊர் ஊராக மரக்கன்று நட்டார்கள். கலாம் சொன்னதைக் கேட்டு அவர் தொடங்கி வைத்த வேலை அது. நடும்போது படம் எடுத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் அடுத்த கோடையில் குடத்தோடு வந்தார்கள் என்பதுதான் கேள்வி. கன்று பிழைத்த இடங்களில் யாரோ வந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த நாதஸ்வர வித்வானுக்கு வருகிறேன். பிரபலங்களுக்கான அஞ்சலியை நாங்கள் குறைக்கப் போவதில்லை. அது உங்கள் துக்கம், அதற்கு இடம் தருவது எங்கள் கடமை. ஆனால் அடுத்த இதழிலிருந்து 'ஊர் அறிந்தவர்' என்று ஒரு பக்கம் வரும். அதை எழுதப் போவது நீங்கள்தான். உங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கே பிரசவம் பார்த்த மருத்துவச்சி, டூரிங் டாக்கீஸில் ரீல் ஓட்டியவர், கணக்கு என்றால் பயந்த பிள்ளைகளைத் தேற்றி அனுப்பிய வாத்தியார், கூத்தில் பெண் வேஷம் கட்டியவர், யாராகவும் இருக்கலாம். சமீபத்தில் மறைந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சில விண்ணப்பங்கள். 'நல்லவர், வல்லவர்' என்று எழுதாதீர்கள். அவர் செய்த ஒரு காரியத்தை, பார்த்தது பார்த்தபடி எழுதுங்கள். இன்னாருக்கு உறவு என்பதைவிட, அவர் கைப்பட்ட வேலை எது என்று சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். படம் இருந்தால் அனுப்புங்கள். ரேஷன் கார்டில் ஒட்டிய படமானாலும் பரவாயில்லை, எங்கள் ஓவியர் பார்த்துக்கொள்வார். வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. யாரைப் பற்றி எழுதலாம் என்று யோசிக்கும்போது, இன்றும் உயிரோடு இருக்கும் ஒருவர் உங்கள் மனசில் வந்தால், முதலில் அவர் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். எங்களுக்குக் கடிதம் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்