மேடைக்குத் திரும்பியவர்கள்

ஊர் ஊராக ஆடிப் பாடிப் பிழைக்கும் அக்கா, தங்கை. நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏறிவிட்டால் விடிந்துவிடும் என்று பெட்டியோடு வந்திறங்குகிறார்கள். 1929ல் வந்த 'தி பிராட்வே மெலடி'யின் கதை இதுதான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற முதல் பேசும்படம். 2025 ஜனவரி 1ல் அமெரிக்காவில் அதன் காப்புரிமை காலாவதியானது.

இன்று பார்ப்பவர்களுக்கு அசையாத காமிராவும் நீளும் பேச்சும் அலுப்பூட்டலாம். ஆனால் காதலனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்த அக்கா (பெஸி லவ்) ஒப்பனை அறையில் முகத்தில் க்ரீமை அப்பியபடி உடைந்து அழும் காட்சி பழசாகவில்லை. கடைசியில் அவள் புதிய ஜோடியுடன் மறுபடி ஊர் சுற்றக் கிளம்புகிறாள்.

அவள் திரும்பிப் போன அந்தப் பல்சுவை மேடைக்கே ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. பேசும்படம் வந்ததும் அரங்குகள் திரைக்கு மாறின. பிராட்வேயின் புகழ்பெற்ற பேலஸ் தியேட்டரே 1932ல் முழுநேரப் பல்சுவை நிகழ்ச்சியைக் கைவிட்டது. மேடையைக் கொண்டாடிய படமும் அந்த அலையில் ஒரு துளி.

திருவனந்தபுரம் வலியசாலையில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இது வேற்றூர்க் கதையல்ல. டி.கே. சண்முகம் 1912ல் பிறந்தது இதே நகரில். அப்பா பெண் வேடம் போடும் நடிகர். 1918ல், ஆறு வயதில், சண்முகம் அண்ணன்மாரோடு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே கனவுக்கு முன்னால் வந்தது சோறு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பையன்களின் வேஷமும் போய்விடும்.

1935ல் டி.கே.எஸ். சகோதரர்களையும் சினிமா அழைத்தது. ராஜா சாண்டோ இயக்கிய 'மேனகா'வில் நடித்தார்கள். பலர் அந்த வழியில் போய் மேடைப் பக்கம் தலைகாட்டவில்லை. சண்முகமோ சினிமாவில் நடித்தபடியே நாடகத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். முப்பது வயதில் கிழவி ஒளவையாக வேடமிட்டு 'அவ்வை' சண்முகம் ஆனார். ஹாலிவுட் அக்காவின் திரும்பல் தோல்வியாகக் காட்டப்பட்டது, இவருடையது பிடிவாதம்.

சென்னையின் லாயிட்ஸ் சாலைக்கு இப்போது அவர் பெயர். அவர் நடித்த மாதிரிக் கொட்டகைகள் பல என்றோ சினிமா தியேட்டர்களாகிவிட்டன. இப்போது அந்த தியேட்டர்களும் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகின்றன.