கடப்பாரை பிடித்தவர்மேல் ஏன் இந்தக் கோபம்?

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தெருவோரம் கன்று நடுகிறவர்களையும் குளக்கரையில் நெகிழிக் குப்பை பொறுக்குகிறவர்களையும் சாடி எழுதப்பட்ட ஒரு நீண்ட கட்டுரையைப் படித்தேன். அதில் நவதாராளவாதம் இருக்கிறது, கூலியில்லா உழைப்புச் சுரண்டல் இருக்கிறது, நடுத்தர வர்க்க அழகியல் இருக்கிறது. ஒரேயொரு மரத்தின் பெயர்கூட இல்லை. சென்னையின் பசுமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்தவர் புங்கன், பூவரசு, மகிழம் என்று ஒன்றையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்க வேண்டாமா?

குடிமக்கள் தாமாகக் குப்பை அள்ளினால் அரசு கைகழுவிவிடும் என்பதுதான் அவருடைய கட்டுரையின் முதுகெலும்பு. சான்றுக்கு நியூயார்க்கை இழுத்து வருகிறார். அங்கே தன்னார்வலர்கள் பாழ்மனைகளைத் தோட்டமாக்கினார்கள். மேயர் ஜூலியானியின் நிர்வாகம் 1999இல் அவற்றை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே அவர்கள் நிலமதிப்பை ஏற்றிக் கொடுத்த இலவச வேலையாட்கள் மட்டுமே என்கிறார். வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு அதையே சான்றாக நீட்டுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

மீதிப் பாதியை நான் சொல்கிறேன். 1973இல் லிஸ் கிறிஸ்டியும் 'கிரீன் கெரில்லாஸ்' தோழர்களும் மன்ஹாட்டனில் பௌவரியும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் குப்பை மண்டிக் கிடந்த மனைக்குள் இறங்கியபோது, அரசு அந்த வட்டாரத்தை ஏற்கெனவே கைவிட்டிருந்தது. 1975இல் நகர நிர்வாகமே திவாலாகும் விளிம்பில் நின்றது. கைகழுவல் முதலில் நடந்தது, கடப்பாரை பிறகு வந்தது என்ற எளிய காலவரிசைகூடவா கட்டுரையாளருக்குப் பிடிபடவில்லை? 1974இல் மாநகராட்சி அந்த மனையை மாதம் ஒரு டாலர் குத்தகைக்குத் தந்தது. 1978இல் சமூகத் தோட்டங்களுக்கென்றே 'கிரீன் தம்ப்' என்ற திட்டத்தைத் தானே தொடங்கியது. விலகிப்போன அரசை மக்கள் மண்வெட்டியால் தோண்டித் திரும்ப வரவழைத்த கதை இது. ஏல அறிவிப்பு வந்தபோது மறியல் செய்து கைதானவர்கள் அதே தோட்டக்காரர்கள். மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் வழக்குத் தொடுத்தார். கடைசி நேரத்தில் 'டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்' அமைப்பும் நடிகை பெட் மிட்லர் நிறுவிய அமைப்பும் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை விலைகொடுத்து மீட்டன. 2002இல் நூற்றுக்கணக்கான தோட்டங்களைப் பாதுகாக்கும் உடன்படிக்கையும் கையெழுத்தானது. அந்த முதல் தோட்டம் இன்றும் லிஸ் கிறிஸ்டியின் பெயரோடு அதே இடத்தில் இருக்கிறது. நட்டவர்கள் இல்லாதிருந்தால் அந்த நிலங்களுக்காக யார் தெருவில் உட்கார்ந்திருப்பார்கள்? தன்னுடைய சான்றே தன்னைக் கவிழ்க்கும் என்று தெரியாமல் எடுத்தாண்டாரா, தெரிந்தே நம்மை ஏமாளிகள் என்று எண்ணினாரா?

அடுத்து, தன்னார்வலர்கள் தூய்மைப் பணியாளர்களின் வேலையைப் பறிக்கிறார்களாம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு அந்தப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்திருந்தது யாரை எதிர்த்து? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுத்ததை எதிர்த்து. நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. வேலையைப் பறித்தது ஒப்பந்தப் பத்திரம். அதைப் பற்றி வாய்திறக்காமல், கடற்கரையில் சாக்குப்பையோடு நிற்கும் கல்லூரி மாணவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தொழிலாளர் மீதுள்ள அக்கறை ஆகாது. உண்மையான எதிரியோடு மோதத் துணிவில்லாதவர், திருப்பி அடிக்காத ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடும்பங்கள் துரத்தப்பட்டதை அவர் எடுத்துச் சொல்வது சரியே. நகரை அழகுபடுத்துவதாகச் சொல்லி ஏழைகளைப் பெயர்த்தெடுத்தது இந்த மாநகரின் பெரும் அநீதி. ஆனால் அது அரசாணையோடும் புல்டோசரோடும் நடந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் இந்தத் தன்னார்வலர்கள் எதையும் மாற்ற இயலாத ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காளர்கள். நடுப்பகுதிக்கு வந்ததும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றும் வல்லமை பெற்றுவிடுகிறார்கள். கையாலாகாதவர்களா, சர்வ வல்லமை படைத்தவர்களா? இரண்டில் எது என்று அவர் தமக்குள்ளாவது முடிவுசெய்துகொண்டு எழுதியிருக்கலாம்.

அழகு வசதியானவர்களின் கவலை என்ற அவருடைய முன்முடிவு இவையெல்லாவற்றிலும் மோசமானது. பிலடெல்பியாவில் 541 பாழ்மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்தார்கள். 2018இல் முடிவுகள் வந்தன. சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்த மனைகளின் அருகே வாழ்ந்தோரிடம் மனச்சோர்வு உணர்வு 41.5 சதவீதம் குறைந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வட்டாரங்களில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. குப்பைமேட்டுக்கு எதிரே வாழ்கிற ஏழைக்கு அழகு தேவையில்லை என்று குளிரூட்டிய அறையிலிருந்து தீர்மானிக்க இவர் யார்?

நட்டதெல்லாம் பட்டுப்போகிறது என்பது அவருடைய கடைசி ஆயுதம். பேனர் கட்டி, அமைச்சரை அழைத்து, ஒரே நாளில் நட்டுவிட்டுத் திரும்பிப் பாராத விழாக்களுக்கு அது பொருந்தும். அந்த மோசடியை நானும் வெறுக்கிறேன். அந்த விழாவையும் வாரந்தோறும் தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் ஒரே தட்டில் வைப்பதுதான் பொய். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித்துறை நிலத்தில் 'நிழல்' அமைப்பினர் 2006இல் மரப்பூங்கா அமைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 2015 டிசம்பரில் கோட்டூர்புரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின் குல்மோகர்களையும் தூங்குமூஞ்சிகளையும் வேரோடு சாய்த்தது. அந்த மரப்பூங்கா இன்றும் நிற்கிறது.

இவருடைய சீற்றத்தின் ஊற்று எது? அரசிடம் கோருங்கள், அதற்குமேல் ஒன்றும் செய்யாதீர்கள் என்று கட்டுரையை முடிக்கிறார். எதைக் கோருவது? நிலம் எந்தத் துறைக்குச் சொந்தம், சாக்கடை எங்கிருந்து வந்து கலக்கிறது, மரத்தின் தூர்வரை சிமென்ட் பூசிய ஒப்பந்ததாரர் யார் என்பதெல்லாம் குனிந்து தோண்டியவருக்கே தெரியும். அதிகாரி அஞ்சுவதும் அவருடைய கேள்விக்குத்தான். விவரமில்லாத கோரிக்கையைக் கோப்பில் கட்டி வைத்துவிட்டு எந்த அலுவலகமும் நிம்மதியாக உறங்கும். அரசை எதிர்ப்பதாக எண்ணி அந்த உறக்கத்துக்குத்தான் இவர் தத்துவக் காவல் நிற்கிறார். தான் நாற்காலியை விட்டு எழாததற்கும் அதே தத்துவத்தை நியாயமாக்கிக்கொள்கிறார்.

வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் தெரு மரத்தின் அடியைச் சிமென்ட் இறுக்கியிருந்தால் மண்டல அலுவலகத்துக்கு இன்றே மனு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை, மனுவின் நகலோடு அக்கம்பக்கத்தாரையும் அழைத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போய் நில்லுங்கள்.